ஜெபக்குறிப்பு

"ஜெபிக்கத்தான் சொல்றேன்க்கா, வேற யார்கிட்டயும் சொல்லிராதீங்க." போன ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே நான்தான் ஆரம்பித்தேன். சபையில் ஒரு தங்கச்சியின் குடும்பச் சண்டை. பேசி முடித்துத் திரும்பினால், வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அவளே நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று ராத்திரி யாக்கோபு நிருபம் 3ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். குதிரைக்குக் கடிவாளம், கப்பலுக்குச் சுக்கான், காட்டையே எரிக்கும் சிறு நெருப்பு என்று நாவைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறார். ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால், கடவுளைப் போற்றும் வாயாலேயே அவர் சாயலில் உண்டாக்கப்பட்ட மனிதரையும் தூற்றுகிறோம் என்று வருமிடத்தில் மேலே படிக்க முடியவில்லை. காலையில் பாடகர் குழுவில் நின்று பாடிய வாய் இது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஜெபிக்கணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா" என்றாள். அழுதுவிட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். யாரிடம் சொன்னேனோ அந்த அக்காவையும் பார்த்து, நான் பேசியது தப்பு என்று சொல்லிவிட்டேன்.

இனி யாரைப் பற்றியாவது உங்களிடம் அப்படி ஆரம்பித்தால், தயவுசெய்து என்னை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.