பூனைக் காதும் கணக்குக் கொப்பியும்

ஓல்போர்க் நகரின் கிழக்குப் பகுதியில், ஒரே மாடிக் கட்டிடத்தில், ஒரே படிக்கட்டால் ஏறி இறங்கிய மூன்று வீட்டுப் பெண்கள் நாங்கள். ஒருத்தி அரியாலை, ஒருத்தி புங்குடுதீவு, மற்றவர் மட்டக்களப்பு. ஊரில் என்றால் ஒருவரை ஒருவர் காணவே வாய்ப்பிருந்திராது. இங்கே, "அக்கா, கொஞ்சம் உள்ளி இருக்கே?" என்று கதவைத் தட்டத் தொடங்கி உறவாகிப் போனோம்.

அண்மையில் இந்நகருக்கு வந்து குடியேறிய சில குடும்பத்தவர்கள், வீட்டிலிருந்தபடியே ஏதாவது கைவேலை செய்து நாலு காசு பார்க்கலாமோ என்று எங்களிடம் விசாரிக்கிறார்கள். தலைப்பட்டி, கிளிப், தலைக்குப் பூ, மணிமாலை என்று நாங்கள் பல வருடம் செய்து விற்றது அவர்களுடைய காதுக்கும் எட்டியிருக்கிறது. அதில் நாங்கள் பட்ட பாடு எட்டவில்லைப் போலும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

எங்கள் கணவன்மார் 1985, 86 ஆம் ஆண்டுகளில் வந்தவர்கள். பிள்ளைகளோடு நாங்கள் பின்னால் வருவதற்கு விண்ணப்பித்திருந்த வேளையில்தான், 1987 இல், அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின் ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். அது சட்டத்துக்கு மாறானது என்று விசாரணையில் வெளிவந்து, 1993 தை மாதம் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகியதும், 1995 இல் நின் ஹன்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும் இந்நாட்டுச் சரித்திரம். எங்களுக்கு அது தபாற்காரனின் சைக்கிள் மணியைக் கேட்டபடி இருந்த இரண்டரை வருடம். கை சும்மா இருந்தால் மனம் கண்டதையும் யோசிக்கும் என்று தைத்தோம், பின்னினோம். கடைசியில் விமானம் ஏறியபோது எங்கள் பெட்டிகளில் மிளகாய்த்தூளுக்கு அடுத்தபடியாக இருந்தவை சட்டைத் துண்டுகளும், சேலைக் கரைகளும், றிபன் சுருள்களுந்தான்.

தொழில் தொடங்கிய கதை சற்று வேடிக்கையானது. 1991 மாசியில் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'பாஸ்தலவ்ன்' என்ற கொண்டாட்டம், பிள்ளைகள் உடுத்தி வரவேண்டும் என்று அகராதியை வைத்துக்கொண்டு அர்த்தம் பண்ணினோம். மாறுவேடம் என்பது விளங்கவில்லை. பட்டுப்பாவாடை கட்டி, சங்கிலி போட்டு, இரட்டைப் பின்னலில் பூவும் வைத்து ஏழு வயது மகளை அனுப்பிவைத்தோம். அங்கே மற்றப் பிள்ளைகள் கடற்கொள்ளைக்காரரும் சூனியக்காரியுமாக நின்றிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு 'இந்திய இளவரசி' என்று பரிசும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "அம்மா, அது வேஷம் இல்லை, என்ர நல்ல சட்டையெல்லே!"

அடுத்த வருடம் அந்தத் தவறு நடக்கக்கூடாது என்று இருந்தோம். பாஸ்தலவ்ன் அன்று பிள்ளைகள் தடியால் அடித்து உடைக்கும் பீப்பாவுக்குள் முற்காலத்தில் உண்மையாகவே பூனையை அடைத்து வைப்பார்களாம். அந்தக் கதையைக் கேட்டுத்தான் பூனைக் காது வைப்போம் என்ற யோசனை வந்தது. சில குரோணருக்கு வாங்கிய பிளாஸ்ரிக் தலைப்பட்டி, பழைய கறுப்பு வெல்வெற் சட்டைத் துணி, உள்ளே கடதாசி மட்டை. டெனிஸ் மொழியில் தலைப்பட்டிக்கு 'ஹோபொய்லெ' என்று பெயர் என்பதை அந்தக் கிழமைதான் அறிந்தோம். மறுநாள் பிள்ளை இரண்டு டெனிஸ்காரத் தாய்மாரின் ஓடரோடு வந்தாள். சித்திரைக்கிடையில் பதினொன்று செய்து முடித்திருந்தோம்.

செய்முறை பெரிய வித்தையல்ல, ஆனால் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் பழகினோம். பட்டியின் நுனியில் முதலில் ஒரு சிறு துண்டு துணியால் தொப்பி மாதிரி மூடி ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாளில் பிளாஸ்ரிக் நுனி வெளியே வந்து காதுக்குப் பின்னால் குத்தும். பிறகு றிபனைச் சரிவாகப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடும்படி இறுக்கிச் சுற்றவேண்டும். சேலைக் கரை வைத்தால் வடிவுதான், ஆனால் சரிகை தோலை உரசும். உட்பக்கத்துக்கு மெல்லிய பருத்தித் துணி கொடுக்காமல் விற்கவே கூடாது.

டெனிஸ் பிள்ளைகளின் தலைமயிர் மெல்லிசு. பட்டி வழுக்கிக் கீழே வரும். உட்புறத்தில் கம்பளித்துணிக் கீலம் ஒன்று ஒட்டினால் பிடித்து நிற்கும். எங்கள் பிள்ளைகளின் தலைக்கோ அந்தக் கவலை இல்லை. அங்கே பிரச்சினை தேங்காயெண்ணெய். வெளிர் நிறச் சாற்றின் இரண்டு கிழமையில் மஞ்சள் படிந்துவிடும். ஆகவே தமிழ் வீடுகளுக்குக் கடும் நிறம், மற்றவர்களுக்கு வெளிர் நிறம் என்று பிரித்துக்கொண்டோம்.

பூவிதழுக்குச் சாற்றின் துணியை வட்டமாக வெட்டி மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலாகப் பிடித்தால் விளிம்பு சுருண்டு இதழ் மாதிரியே வரும். இது நைலோன், பொலியெஸ்ரர் துணிக்கு மட்டுமே சரிவரும். அசல் பட்டு உருகாது, மயிர் பொசுங்கிய மணத்தோடு கருகும். யன்னலுக்கு யன்னல் மெழுகுதிரி ஏற்றும் நாட்டில் இருக்கிறோம் என்பதால் திரிக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளைக் கிட்ட விடாமல், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எங்களில் ஒருத்தியின் மேசைவிரிப்பில் இன்றும் ஒரு ஓட்டை உண்டு.

ஒட்டுவதற்கு நல்ல சாமான் எது என்று கடையில் கேட்டபோது, விற்பனைப் பெண், "உங்களுக்கு ஒரு பிஸ்தோல் தேவை" என்றாள். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த எங்களுக்கு இங்கே பிஸ்தோல் விற்கிறார்களே! அவள் எடுத்து நீட்டியது 'லிம்பிஸ்தோல்' என்னும் சூட்டுப் பசைக் கருவி. ஆனால் அதை முழுவதும் நம்பக்கூடாது. மார்கழிக் குளிரில் அந்தப் பசை விறைத்து வெடிக்கும். லிம்ஃபியோர்ட் காற்றில் எங்களுடைய பூக்கள் சில தலையை விட்டுப் பறந்தன. பிறகு ஒட்டிய பூவுக்கு ஊசியாலும் நாலு தையல் போட்டே கொடுத்தோம்.

விற்பனைக்குக் காலம் பார்க்கவேண்டும். மாசியில் பாஸ்தலவ்ன். சித்திரை, வைகாசியில் கொன்பர்மேஷன். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் செய்வார்கள். பெண்பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் தலையில் வெள்ளைப் பூவுமாக நிற்பார்கள். விருந்து, காசு அன்பளிப்பு, புகைப்படம் எல்லாம் இருக்கும். மறுநாளை 'நீலத் திங்கள்' என்று சொல்லி, கிடைத்த காசோடு பிள்ளைகள் நகருக்குள் சுற்றுவார்கள். இதை முதன்முதலில் பார்த்தபோது, "இது எங்கட சாமத்தியவீடுதானே, தண்ணி வார்க்கிறதைத் தவிர!" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பகுதியாருக்கும் ஒரே வெள்ளைப் பூவைச் செய்தோம். தமிழ்ப் பிள்ளைக்குப் பின்னலில், டெனிஸ் பிள்ளைக்குப் பட்டியில். வைகாசிக் கடைசியில், 1983 இலிருந்து நடந்துவரும் ஓல்போர்க் கார்னிவெல். அதற்கு எவ்வளவு கண்கூசும் நிறத்தில் செய்தாலும் போகும்.

விலை வைக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பட்டி 25 குரோணர் என்று விற்றோம். சாமான் செலவு 8 குரோணர், மிச்சம் 17. ஒன்று செய்ய ஒன்றரை மணித்தியாலம். எங்களில் ஒருத்தி துப்புரவு வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் எடுத்த காசுக்கு நாங்கள் ஐந்து பட்டி கட்டவேண்டியிருந்தது. இதை மகள் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே விலையை 45 ஆக்கினோம். டெனிஸ்காரத் தாய்மார் பேசாமல் தந்தார்கள். எங்களுடைய ஆட்கள்தான், "சும்மா வீட்டில இருந்து செய்யிறதுதானே, இதுக்கும் காசே?" என்றார்கள். அந்தச் 'சும்மா' என்ற சொல் ஊசியை விட நன்றாகக் குத்தும்.

1994 இல் ஒரு விபரீதம் நடந்தது. சென்னையிலிருந்து வருவித்த இமிற்றேசன் நகைகளைக் கழற்றி, அவற்றின் கற்களையும் உலோகப் பூக்களையும் பட்டியின் இரு நுனியிலும் பதித்தோம். பார்க்க அவ்வளவு வடிவு. ஒரு மாதம் கழித்து ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றாள். பிள்ளையின் காதுக்குப் பின்னால் தோல் சிவந்து, வெடித்து, நீர் வடிந்திருந்தது. தாய் சத்தம் போடவில்லை. "நிக்கல்" என்று ஒரு சொல் மாத்திரம் சொன்னாள். எங்களுக்கு நிலம் பிளந்தது போலிருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த வகையில் விற்ற 14 பட்டிகளுக்கும் வீடு வீடாகப் போய், அரைகுறை டெனிஸில் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கினோம்.

பிறகுதான் அறிந்தோம். தோலில் படும் உலோகங்களிலிருந்து நிக்கல் கசிவதை டென்மார்க் 1990களின் தொடக்கத்திலேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 1994 இல் இதற்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஒரு கிழமைக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் கசியக்கூடாது. காது குத்தித் துளையில் போடும் தோட்டுக்கு இன்னும் இறுக்கம். இதைச் சோதிப்பதற்கு ஒரு திரவம் இருக்கிறது. பஞ்சில் விட்டு உலோகத்தில் தேய்க்க, நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஊரிலிருந்து வரும் மலிவுச் சாமானைச் சோதிக்காமல் யாருடைய பிள்ளைக்கும் விற்கவேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கும் போடவேண்டாம்.

அதன் பிறகு உலோகத்தைக் கைவிட்டு, பிள்ளைகள் தோட்டத்தில் கோர்க்கும் ஹாமா பிளாஸ்ரிக் மணிகளுக்கு மாறினோம். அவை இதே லிம்ஃபியோர்ட் நீரிணையில் உள்ள மோர்ஸ் தீவில், நுய்கோபிங்கில் செய்யப்படுபவை என்று அறிந்தபோது ஏனோ எங்களுக்கு ஒரு சந்தோசம். ஆனால் மிகச் சிறு குழந்தைகளின் பட்டியில் மணியே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுவிடும்.

இனிச் சொல்லப்போவதை எழுதுவதா விடுவதா என்று மூவரும் வெகுநேரம் கதைத்தோம். 1996 இல் எங்களில் ஒருத்தியின் கணவர் வேலையிழந்து கொம்யூனின் உதவிப்பணத்தில் இருந்தார். அப்போது யாரோ கொம்யூனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். வீட்டில் கடை நடக்கிறது, ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள் என்று. எத்தனையாம் மாடி, எந்தப் பக்கத்துக் கதவு என்பது வரை எழுதியிருந்ததாம். டெனிஸ்காரர் எழுதியதல்ல என்று சொல்லத் தேவையில்லை.

அழைப்புக் கடிதம் வந்த இரவு நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. உதவிப்பணம் நின்றுவிடுமோ, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்றெல்லாம் பயம். மகள் மொழிபெயர்க்க வர, மூவருமே போனோம். கையில் ஒரே ஒரு சாமான், விலைக் கணக்குப் பார்த்த நாளிலிருந்து அவள் எழுதிவந்த நீலக் கொப்பி. திகதி, என்ன பொருள், எவ்வளவு, யாருக்கு. எழுத்து தமிழ், இலக்கம் எல்லாருக்கும் பொது. அந்த உத்தியோகத்தர் கல்குலேற்றரை எடுத்து ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினார். பதினாலு மாதத்தில் விற்றது 3,260 குரோணர். சாமான் செலவு 1,415. மிச்சத்தை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 615. "இதை முதலே சொல்லியிருக்கவேண்டும்" என்றார். கணவன் மனைவி இருவரில் யார் உழைத்தாலும் உதவிப்பணக் கணக்கில் சேரும் என்று விளக்கினார். அந்த 615 உம் அடுத்த மாதக் காசில் கழிக்கப்பட்டது. அவ்வளவுதான்.

எழுந்து வரும்போது கொப்பியைத் திருப்பித் தந்து, "இந்தப் பூ எப்படிச் செய்வது?" என்று கேட்டார். கொப்பி மட்டையில் மகள் ஒரு பூவை ஒட்டியிருந்தாள்.

என்றாலும் மூன்று மாதம் ஒருவரும் ஊசி தொடவில்லை. கோயிலில், கடையில் யாரைப் பார்த்தாலும், இவரோ அவரோ என்று மனம் போய்க்கொண்டிருந்தது. எழுதியவரை விட அந்தச் சந்தேகமே எங்களைத் தின்றது. "விடுங்க புள்ள, தெரிஞ்சு என்ன செய்யப் போறம்?" என்று மட்டக்களப்பு அக்கா ஒருநாள் துணியை எடுத்து விரித்ததோடுதான் மீண்டும் தொடங்கினோம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்றைய நிலவரம் இதுதான். பன்னிரண்டு மாதத்தில் 50,000 குரோணருக்கு மேல் விற்றால் 'மொம்ஸ்' வரிக்குப் பதியவேண்டும். அவ்வளவுக்கு விற்காவிட்டாலும் ஆதாயத்தை வரிக்குக் காட்டவேண்டும். உதவிப்பணம் பெறும் வீடென்றால் முதலாவது பட்டியை விற்பதற்கு முன்பே உங்கள் உத்தியோகத்தரிடம் போய்ச் சொல்லுங்கள். அதோடு ஒரு கொப்பி வாங்குங்கள்.

எங்களுடைய கொப்பி இன்னும் பிஸ்கற் ரின்னுக்குள் ஊசிநூலோடு கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் கடன் என்று ஒரேயொரு வரி வெட்டாமல் இருக்கிறது: மூன்றாம் மாடி மாமி, கிளிப் இரண்டு, 30 குரோணர். மாமி இப்போது வேறு நகரில். பிறண்டா அபிராமி அம்பாளின் தேருக்குப் போனால் காண்போம். "பிள்ளையள், இப்பவும் சும்மா இருந்து பூக் கட்டுறியளோ?" என்று கேட்பா. நாங்களும் ஓம் மாமி என்போம்.