சிறு மொழித் திருத்தம்

தப்பு ஏ.ஐ. மாடலுடையது என்று மீட்டிங்கில் சொன்னவன் நான். என்னுடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம் சொல்லும்போதே இருந்தது. அன்று ராத்திரி லாக் ஃபைலைத் திறந்து பார்த்ததும் சந்தேகம் போய் உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை.

கட்டுமானக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு டாக்குமென்டேஷன் எழுதுகிறேன், ஏரியூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து. ஒரு ஏ.பி.ஐ. எதைக் கேட்கும், எதைத் திருப்பித் தரும், எங்கே மக்கர் பண்ணும் என்று மற்ற டெவலப்பர்களுக்கு விளங்கும்படி எழுத வேண்டும். பல வருஷத்தில் நன்றாக எழுதுகிறவன் என்று பேரும் வாங்கிவிட்டேன். அந்தப் பேர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான் எழுதாமல் விட்டதைப் படிக்கிறவர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். "சார், இதுல மூடின புராஜெக்ட்டும் சேர்ந்து வருமா?" "வரும், ஃபில்டர் போட்டுக்கோங்க." போனை வைத்த கையோடு அதை ஆவணத்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்ற மாட்டேன். கேட்டவருக்குச் சொல்லியாயிற்று, வேலை முடிந்தது.

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது தப்பாகவே தோன்றாது. நாகமரையிலிருந்து மேட்டூர் அணைத் தண்ணீரைக் கடந்து பண்ணவாடிக்குப் படகு ஏறுகிறவர்கள் இன்றைக்குப் படகு எங்கே நிற்கிறது என்று வழியில் வருகிறவரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். 120 அடி நிரம்பியிருந்தால் ஓர் இடம், நீர்மட்டம் இறங்கிவிட்டால் வெகுதூரம் நடந்து வேறோர் இடம். அணை கட்டி முடித்த 1934-லிருந்து அந்தக் கரை ஓரிடத்தில் நின்றதில்லை. பலகை வைத்தாலும் பொய்யாகத்தான் போகும். கேட்க ஆள் இருக்கும்வரை பலகை தேவையில்லை. என் ஆவணங்களும் இப்படி ஆள் இருக்கிற தைரியத்தில் எழுதப்பட்டவை.

ஏ.ஐ. ஏஜென்ட் போன் போட்டுக் கேட்காது.

மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற எம்.சி.பி.யை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த வருஷமே ஓபன் ஏ.ஐ., கூகுள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டன. எங்கள் நிறுவனமும் இறங்கியது. விஷயம் எளிது. வெளியே உள்ள ஒரு மென்பொருளின் வேலைகளை 'டூல்' என்ற பெயரில் ஏஜென்டுக்கு முன்னால் பரப்பி வைக்கிறோம். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. உள்ளே ஓடும் புரோகிராம் ஏஜென்டுக்குத் தெரியாது. விளக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் எந்த டூலை எப்போது கூப்பிடுவது, வந்த பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும்.

விளக்கம் எழுத எனக்கு வந்த டூல்களில் ஒன்று, ஒரு புராஜெக்ட்டின் தொடர்புக் குழுக்களைப் பட்டியலிடுவது. வரைபட ஒப்புதல் குழு, சைட் பாதுகாப்புக் குழு, பில் பிரிவு என்று ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் பல குழுக்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆட்கள். அதற்கு நான் எழுதிய விளக்கம் ஒரே வரி: புராஜெக்ட் எண்ணைக் கொடுத்தால் அதிலுள்ள எல்லாத் தொடர்புக் குழுக்களையும் தரும்.

எல்லாவற்றையும் தராது. ஒரு தடவைக்கு ஐம்பதுதான் வரும். அதற்கு மேல் இருந்தால் பதிலின் கடைசியில் அடுத்த பக்கத்துக்கான டோக்கன் ஒன்று இருக்கும். அதைக் கொடுத்து மறுபடி கூப்பிட வேண்டும். கலைக்கப்பட்ட பழைய குழுக்களும் பட்டியலில் வரும், பக்கத்தில் ஒரு சின்ன நிலைக்குறியோடு. டெவலப்பர்களுக்கான பழைய ஆவணத்தில் இதெல்லாம் வேறொரு பொதுப் பக்கத்தில் இருந்தது. நான் இந்தப் பட்டியலுக்கான பக்கத்தின் முதல் வரியை மட்டும் வெட்டி ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டால், பார்த்தேன். சோதனை புராஜெக்ட்டில் ஆறேழு குழுக்கள்தான் இருந்தன. எல்லாமே வந்தன.

இன்னொன்றும் செய்தேன். எம்.சி.பி.யில் 2025 மார்ச்சிலிருந்து, டூல் எதையும் மாற்றாது, படிக்க மட்டும் செய்யும் என்று குறிப்பு வைக்க இடமுண்டு. அதை வைத்துவிட்டு நிம்மதியானேன். வெறும் பட்டியல்தானே, இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும்? பட்டியலைப் படித்த அதே ஏஜென்ட் அடுத்த நொடியில் மெயில் அனுப்பும் டூலைக் கூப்பிடும் என்பது புத்தியில் ஏறவில்லை.

பெரிய புராஜெக்ட் ஒன்றில், திருத்திய வரைபடத்தை சைட் குழுவுக்கு அனுப்பச் சொன்னார்கள். ஏஜென்ட் பட்டியலை ஒரே தடவை கூப்பிட்டது. எல்லாம் வந்துவிட்டது என்றுதான் என் வரி சொல்கிறதே. உண்மையான குழு இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் ஏறக்குறைய அதே பெயரில் ஒரு பழைய குழு. அதிலிருந்த பலர் ஒப்பந்தம் முடிந்து எப்போதோ போய்விட்டவர்கள். வரைபடம் அவர்களுடைய சொந்த மெயிலுக்குப் போனது. சைட்டில் இருந்தவர்களுக்குப் போகவில்லை. பழைய வரைபடத்தை வைத்துக் கம்பி கட்டினார்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் யாரோ பார்த்ததால் தப்பித்தது, ஆனால் கட்டிய கம்பியை எல்லாம் பிரித்தார்கள். கம்பி கட்டும் ஆட்களுக்கு அந்த நாள் கூலியை யார் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காததும் நானாகச் செய்ததுதான்.

மீட்டிங்கில் என் முறை வந்தபோது, மாடல் கற்பனை பண்ணிவிட்டது என்றேன். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இந்தக் காலத்தில் அதைவிட வசதியான பதில் கிடையாது. மாடலுக்கு மானம் போகாது, சம்பளம் பிடிக்க மாட்டார்கள், மறுத்துப் பேசவும் வராது. லாக்கில் பார்த்தால் அது எதையும் கற்பனை பண்ணவில்லை. நிலைக்குறியைக் கவனித்திருக்கலாம் என்று வாதாடலாம். ஆனால் குறி இருக்கிறது, அதற்கு இன்ன பொருள் என்று யாரும் மாடலுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

அந்த ராத்திரியே விளக்கத்தை மாற்றினேன். ஒரு தடவைக்கு ஐம்பது, டோக்கன் தீரும்வரை கூப்பிடு, கலைக்கப்பட்ட குழுவுக்கு எதையும் அனுப்பாதே, ஒரே மாதிரிப் பெயர் இரண்டு இருந்தால் பயனரைக் கேள், உறுப்பினர்களின் சொந்த எண்ணும் மெயிலும் இதில் வரும், சுருக்கத்தில் கொட்டாதே. ஒரு பத்தி. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கான மாற்றக் குறிப்பில்தான் இந்தத் தலைப்பில் உள்ள மூன்று சொற்களை எழுதினேன்.

ஏஜென்டுக்கான ப்ராம்ப்டை, அதாவது அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவுகளை, எழுதியது எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மீட்டிங் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, நான் ப்ராம்ப்ட்ல எதாவது விட்டுட்டேனா? ரெண்டு நாளா அதையே பாத்துட்டு இருக்கேன்." "விடும்மா, மாடல் அப்படித்தான்" என்றேன். அவளை ப்ராம்ப்ட் முழுவதையும் மறுபடி எழுதச் சொன்னார்கள். எழுதினாள். அதைச் சரிபார்த்துத் தரச் சொல்லி என்னிடமே அனுப்பினாள். நானும் பார்த்து, நாலு இடத்தில் திருத்தம் சொல்லி, பெரிய மனுஷனாகத் திருப்பி அனுப்பினேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் கூசுகிற இடம் அந்த நாலு திருத்தம்தான்.

மாற்றக் குறிப்பை இப்போது திருத்த வேண்டுமானால் டீம் லீடின் ஒப்புதல் வேண்டும், காரணமும் எழுத வேண்டும். முந்தைய விளக்கம் தவறானது, வரைபடம் மாறிப் போனது அதனால்தான், எழுதியவன் நான் என்று எழுதிக் கோரிக்கை போட்டிருக்கிறேன். யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் லீடின் பெயருக்கு அடுத்து அவள் பெயரைச் சேர்த்திருக்கிறேன்.