வேலூருக்கு ஒரு வழித்துணை

வேலூர் என்றதும் கோட்டையும், 1806-ஆம் ஆண்டு அங்கு வெடித்த சிப்பாய்ப் புரட்சியும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் அவ்வூருக்கு வந்திறங்குவோரில் பலர் கோட்டையை ஏறிட்டும் பாராமல் நேரே மருத்துவமனை வாயிலுக்குச் செல்கின்றனர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலையின் வளர்ச்சி அது. சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்துப் பலகைகளையும், விடுதி அறையிலேயே சமைத்துண்டு மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்களையும் காணலாம்.

என் பங்கைச் சேர்ந்த 16 வயது மாணவன் ஒருவனுக்கும் அவன் தாய்க்கும் துணையாக அண்மையில் அங்குச் சென்று வந்தேன். (அவன் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன்.) பெருங்குடல் முழுதும் புண்ணாகி இரத்தம் கசியும் நோயினால், ஈராண்டுகளுக்கு முன் அவனுடைய பெருங்குடலும் மலக்குடலும் அகற்றப்பட்டன. சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துத் தைத்துப் பையாக்கி, ஆசனவாயுடன் இணைத்துள்ளனர். ஆங்கில 'ஜே' எழுத்தைப் போலிருப்பதால் அதற்கு 'ஜே பவுச்' என்று பெயர். இலண்டனில் பார்க்ஸ், நிக்கோல்ஸ் என்னும் மருத்துவர்கள் 1978-இல் இத்தகைய சிகிச்சையை உலகறியச் செய்தனர். 'ஜே' வடிவத்தை 1980-இல் ஜப்பானிய மருத்துவர் உட்சுனோமியா அளித்தார். வயிற்றின் மேல் பை ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுதும் வாழவேண்டிய நிலை அதனால் பலருக்கு நீங்கிற்று.

திருச்சியிலிருந்து பேருந்தே வசதி என்றார் தாய். இரயில்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்தான் மகன். காரணம் இரவில் விளங்கிற்று. விழுப்புரம் தாண்டித் திருவண்ணாமலை வருவதற்குள் அவன் நான்கு முறை எழுந்து சென்றான். விடியற்காலையில் மலை கண்ணுக்குத் தெரிந்தபோது தண்ணீர்ப் புட்டியை நீட்டினேன்.

"வேண்டாம் சாமி. குடிச்சா மறுபடியும் போகணும்."

அந்தக் கணக்குதான் ஆபத்தானது. நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும் பெருங்குடல் அவனுக்கு இல்லை. தண்ணீரைக் குறைத்தால் உடல் வறளுமேயன்றி மலப்போக்கு நிற்காது.

மருத்துவமனையில் எடையும் உயரமும் குறித்தார்கள். இரத்தச் சோகை, இரும்புச் சத்து, பி12 ஆகியவற்றுக்காக இரத்தம் எடுத்தார்கள். பிறகு மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாயே விடை கூறினார். "நல்லாத்தான் இருக்கான் டாக்டர்." மருத்துவர் புன்னகைத்து, எங்கள் இருவரையும் வெளியே அமரச் சொன்னார். அந்த அம்மாளுக்கு வருத்தந்தான். எனக்கோ அது மிகச் சரியாகப் பட்டது.

அரைமணி நேரம் கழித்து உள்ளே அழைத்தபோது, அவனே எங்களிடம் சொன்னான். நாளொன்றுக்கு ஆறு முறை இருந்தது இரண்டு மாதங்களாகப் பன்னிரண்டு ஆகிவிட்டதாம்; உறக்கத்தில் துணி நனைகிறதாம். பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமையால் மதிய உணவையே விட்டுவிட்டானாம். வெளியில் சொன்னால் மீண்டும் அறுவை செய்து வயிற்றில் பை ஒட்டிவிடுவார்கள் என்று அஞ்சியிருக்கிறான்.

உள்நோக்கிக் கருவியால் பார்த்ததில் அது பையின் அழற்சி என்று தெரிந்தது. இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு அடிக்கடி நேர்வதே; பெரும்பாலும் இரண்டு வார நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளில் தணியும் என்றார் மருத்துவர். ஆனால் மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. வலி மாத்திரைகளும் கேளாமல் கூடா. எண்ணிக்கை கூடினாலோ, காய்ச்சலோ இரத்தமோ கண்டாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் வரவேண்டும். இரண்டு ஆண்டுகளில் அவன் பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறவேண்டியவன். அதற்குள் தன் உடம்பைப் பற்றித் தானே பேசப் பழகவேண்டுமாம்.

நம் வீடுகளில் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். மலம் எப்படிப் போயிற்று என்று கேட்க நாணுகிறோம். குழந்தையாயிருந்தபோது நாணாமல் கேட்டவர்கள்தாம் நாம்!

வகுப்பிலிருந்து அனுமதி கேளாமலே அவன் எழுந்து செல்லலாம் என்று மருத்துவர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஊர் திரும்பியதும் அதனை அவனே தலைமையாசிரியரிடம் கொண்டு கொடுத்தான். அவரும் சம்மதித்துவிட்டார். தாழ்ப்பாள்தான் இன்னும் போடப்படவில்லை; தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.