மிச்சம்பிடித்த மூன்று நாட்கள்



டொராண்டோவில் ஒரு ஜனவரி மாதம். மூன்று நாள் பயணம் புறப்படுகையில், செலவை மிச்சப்படுத்த எண்ணி, நாங்கள் குடியிருந்த மேல்தளத்தின் ஹீட்டரை அணைத்துவிட்டேன். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடையும். மூடிய குழாய்க்குள் அந்த அழுத்தத்திற்குப் போக்கிடமில்லை. சமையலறைக் குழாய் வெடித்தது. கீழ்த்தளத்தில் வாழ்ந்த மாணவரின் புத்தகங்கள் நனைந்தன. அவர் கடிந்துகொள்ளவில்லை, என்னோடு அமர்ந்து ஏடுகளை உலர்த்தினார். அதுவே என்னை உணர்த்திற்று.

இப்போது வீட்டைவிட்டுச் செல்கையில் ஹீட்டரை அணைப்பதில்லை. தண்ணீரின் பிரதான வால்வை மூடுகிறேன். கடுங்குளிர் இரவுகளில் வெளிச்சுவரை ஒட்டிய குழாயை நூல்போல் ஒழுகவிட்டு, சிங்க்கின் அடி அலமாரியைத் திறந்துவைக்கிறேன். குழாய் உறைந்துவிட்டால் நெருப்புக் காட்டாதீர்கள்; குழாயைத் திறந்துவைத்து, அதன் வாய்ப்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்குங்கள்.

நம் சிக்கனத்தின் விலையை அயலார் செலுத்தாதபடி கர்த்தர் நம்மைக் காப்பாராக. ஆமென்.