மத்தியானத்தில் ஓணான் எங்கே?

2019 ஜூலை. ஸ்பெயினின் செவில் நகரில் சோதனை உயிரியல் கழகத்தின் ஆண்டு மாநாடு. கடைத்தெருக்களின் குறுக்கே, மாடிக்கு மாடி இழுத்துக் கட்டிய துணிப் பந்தல்கள். சனங்கள் அந்த நிழலை ஒட்டியே நடந்தார்கள்.

என் போஸ்டர் ஓணானைப் பற்றியது. எவ்வளவு சூடு வரை அது தாங்கும்? ஆய்வுக்கூடத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றி, நடுநடுவே மல்லாக்கப் போடுவோம். சட்டென்று புரண்டு எழுந்தால் இன்னும் தாங்குகிறது. புரள முடியாமல் கால்களை உதறினால், அப்போதைய உடல் வெப்பம்தான் எல்லை. உடனே குளிரவைத்துவிடுவோம், தேறிவிடும். வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எனக்கு அந்தக் கால்கள்தான் தெரியும். பக்கத்திலேயே வானிலை நிலையத்தின் வெப்ப அளவையும் போட்டிருந்தேன்.

வயதான ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்தார். ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "மத்தியானம் ஒரு மணிக்கு இது எங்கே இருக்கும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. வானிலை நிலையத்து வெப்பமானி காற்றோட்டமான பெட்டிக்குள், நிழலில் இருக்கிறது. ஓணான் இருப்பது வேலியில்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு செம்புப் பல்லியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளம், உள்ளே வெறும் கூடு, வயிற்றில் மெல்லிய வெப்ப உணரி, மேலே சாம்பல் வண்ணம். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, மரப்பட்டையில் ஒன்று என்று வைத்தால், அங்கங்கே அசையாமல் கிடக்கும் உடம்பு எவ்வளவு சூடேறும் என்று தெரியும். உயிருள்ள பல்லியின் சூடு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவும் அது இடம் பார்த்து நகர்ந்து சம்பாதித்தது. பாலைவனப் பல்லிகள் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய் உடல் சூட்டைச் சீராக வைத்துக்கொள்கின்றன என்று கௌல்ஸும் போகர்ட்டும் 1944இலேயே எழுதிவிட்டார்கள். அதை மேற்கோள் காட்டியவன்தான் நான். கையில் அந்தச் செம்பு கனத்தபோதுதான் உறைத்தது.

"எப்படிப் பிடிக்கிறீர்கள்?" என்றார். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அவரும் நீளக் கழியின் நுனியில் நூல் சுருக்குக் கட்டித்தான் பிடிப்பாராம். எங்கள் தெருப் பிள்ளைகளிடம் நான் கற்ற வித்தை அது. மூன்று நாள் உரைகளில் கிடைக்காத நெருக்கம் அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. மாநாட்டுக்குப் போவதே இதற்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்த வருடம் சித்திரையில் எங்கள் கொல்லையில், காலையிலிருந்து ஒரே ஓணானின் பின்னால் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு வேலிக் கல்லில் உடம்பைத் தட்டையாக்கி வெயில் காய்ந்தது. பத்தரைக்கு முருங்கையில் ஏறியது. வெயில் நகர நகர அதுவும் தண்டைச் சுற்றி நகர்ந்தது. சூடு மிஞ்சினால் வாயைத் திறந்துகொள்ளும், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் இப்படி இருக்கிறது: "மணி 1.05. கிளையின் அடிப்புறம். நிழல். தரையிலிருந்து ஆறடி. வாய் மூடியிருக்கிறது."