தாழியில் ஓர் ஏரி

ஏரிக்கரைகளிற் பிறந்து வளர்ந்தோர்க்கு மீன் என்பது காண்டற்கரிய பொருளன்று. எனினும், மீனை உயிரோடு வீட்டில் வைத்துப் பேணுதல் எம்மூரில் அண்மையிற் பரவிய வழக்கமேயாம். எமது கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. மழையை நம்பிய ஏரிகளை உடையது. பங்குனியில் ஆசையோடு வாங்கப்பெறும் பொன்மீன்கள், வைகாசி முடியுமுன் கண்ணாடிக் கிண்ணத்தில் மாண்டு மிதப்பதை அண்டை வீடுகளிற் பலகாற் கண்டிருக்கின்றோம். இஃது ஏன் நிகழ்கின்றது என ஆராய்ந்து, யாம் கைக்கொண்ட முறையை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பொன்மீன், சீன தேசத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் வளர்த்துப் பெருக்கிய இனம். குளிர்ந்த நீரை விரும்புவது. நீர் வெப்பமடையுந்தோறும் அதிற் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராமே தாங்கும். வெப்பத்தால் மீனின் மூச்சு விரைவதோ மிகுதி. தேவை ஏற, வரவு குறைகின்றது. வாய் குறுகிய கிண்ணமாயின், காற்று நீரைத் தீண்டும் பரப்பும் சிறிதாகின்றது. அம்மீன் மாள்வதில் வியப்பென்னை?

இங்கிலாந்து தேசத்து இரசாயன நூல் வல்லுநரான ராபர்ட் வாரிங்டன் என்பார், பொன்மீன்களையும் நீர்ப்பூண்டையும் ஒரே பாத்திரத்தில் வளர்த்துக் கண்ட உண்மையை 1850-ஆம் ஆண்டு வெளியிட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைப் பூண்டு பகலில் உட்கொண்டு பிராணவாயுவை ஈகின்றது. அழுகும் இலைகளை நத்தை தின்று தூய்மை செய்கின்றது. மீனின் கழிவிற் பிறக்கும் அம்மோனியா என்னும் நஞ்சை, மணலில் வாழும் நுண்ணுயிர்கள் படிப்படியே மாற்றிப் பூண்டிற்கு உரமாக்குகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஏரி எவரும் கழுவாமலே தெளிந்திருப்பதன் மருமம் இதுவேயன்றோ?

ஆதலின் யாம் கண்ணாடியை நாடாது, குயவரிடம் மெருகிடாத அகன்ற மண்தாழி ஒன்றை வாங்கினோம். அஃது எட்டுக் குடம் நீர் கொள்ளும். மண்பானை நீர் குளிர்வதுபோலவே தாழியின் புறம் கசிந்து ஆவியாக, உள்நீர் தண்ணென்றிருக்கும். நண்பகலிற் கை வைத்தாலே வேறுபாடு புலப்படும். காலை வெயில் மட்டும் படும் கீழ்ப்புறத் தாழ்வாரத்தில் அதை நிறுத்தி, அடியில் இரண்டு விரற்கிடை ஏரி வண்டலும், அதன்மேல் அவ்வளவே கழுவிய ஆற்றுமணலும் பரப்பி, வேலம்பாசியை நட்டு, நத்தைகள் சிலவற்றையும் விட்டோம். குழாய் நீராயின் குளோரின் நீங்க ஒருநாள் திறந்துவைத்தே ஊற்றினோம். ஒரு திங்கள் மீனின்றியே விட்டுவைத்தோம். நுண்ணுயிர் பெருகுதற்கு அக்காலம் வேண்டும்.

பின்னர், வற்றிவரும் ஏரிக் குட்டையினின்று சிறு கெண்டை நான்கும் அயிரை ஆறும் கொணர்ந்தோம். இவை நம் கோடைக்குப் பழகியவை. அயிரையோ நீரிற் பிராணவாயு குன்றினால் மேலெழுந்து காற்றையே விழுங்கிப் பிழைக்கவல்லது.

எம் அன்னையார் இதனைக் கண்டு, “ஓடித் திரியும் உயிரை அடைத்து வைப்பது பாவமல்லவா, அப்பா?” என்றார். குட்டை வற்றினால் எப்படியும் மாளும் என்று விடை கூறலாமே எனினும், அவ்விடை எமக்கே நிறைவு தரவில்லை. அவை கொக்கிற்குரிய இரை, யாம் இடைப்புகுந்து எடுத்தோம், அவ்வளவே. எனவே கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் அவ்வேரிக்கே விட்டுவிடுவதென இசைந்தோம். கடையில் வாங்கிய மீன் எதனையும் அவற்றோடு கலந்திலோம். நோயும் உடன் செல்லுமாதலின்.

கடை மீனை ஏரியில் விடுதல் கருணையன்று என்பதையும் ஈண்டுக் கூறல் வேண்டும். தொட்டியின் பாசியைத் தின்னுமென்று விற்கப்பெறும் தென்னமெரிக்கக் கவச மீன், தமிழகத்து நீர்நிலைகளிற் புகுந்து பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர்க்கு இடர் விளைக்கின்றது.

தாழிக்கு யாம் செய்யும் பணி சிறிதே. ஆவியாகிய அளவு நீரை நாள்தோறும் ஊற்றுவோம். ஆவியானது உப்பை விட்டுச் செல்லுமாதலின், திங்களுக்கொருமுறை இரண்டு குடம் முகந்து செடிக்கு வார்த்துப் புதுநீர் நிரப்புவோம். தீனி, இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே.

கார்த்திகையில் ஏரி நிரம்பிற்று. காலை நீர் ஊற்றும் பணியை எமக்கு முன்னரே மேற்கொண்டுவிட்ட அன்னையார், குடத்தில் மீன்களை முகக்குங்கால், “எல்லாவற்றையும் கொண்டுபோனால் தாழியிற் கொசுப்புழு வைக்குமே, இரண்டு கெண்டை இருக்கட்டும்” என்றார். அவர் கூறிய காரணம் மெய்யே. ஆயினும் அஃதொன்றே காரணமன்று என்பதை அவர் முகம் காட்டிற்று. எட்டு மீன்கள் ஏரி சேர்ந்தன.

மாணவ அன்பர்களே! நூலிற் கற்கும் இயற்கையின் ஒழுங்கை இல்லத்திற் காண விழைவீராயின், ஒரு தாழியும் பிடி வண்டலும் சிறிது பொறுமையும் போதும். ஏற்ற உயிரை இறுதிவரை காக்கும் உறுதி மட்டும் முன்னரே வேண்டும்.