தாச்சியும் மண்வெட்டியும்

எங்கள் வீடுகளில் தாச்சி பொரிப்பதற்கும் வதக்குவதற்கும் உரியது. ரொட்டி உருட்டும் கட்டைக்கும் ஒரே வேலைதான் தெரியும். 'புரொஜெக்ட் ஸொம்பொய்ட்' என்ற கணினி விளையாட்டிலோ இவை இரண்டும் ஆயுதங்கள். கையில் எதுவுமே இல்லாத ஒருத்தி குசினிக்குள் ஓடி, கண்ணில் பட்டதை எடுத்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

நானா பல்கலைக்கழகம் சென்றபோது வீட்டில் விட்டுப்போன பழைய கணினியில் இந்த விளையாட்டு இருந்தது. விடுமுறை நாட்களில், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணித்தியாலம் விளையாட எனக்கு அனுமதி கிடைத்தது. உம்மா ஒருநாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள இது, மவுத்தானவங்களுக்கு அடிக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன்.

கதை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 1993 ஜூலை மாதம் தொடங்குகிறது. இனந்தெரியாத ஒரு நோய் மனிதர்களை ஸொம்பிகளாக, அதாவது நடமாடும் பிணங்களாக மாற்றிவிட்டது. மல்ட்ரோ, வெஸ்ட் பொயின்ட் போன்ற ஊர்களில் எந்தத் தெருவிலும் நடக்கலாம், எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். முடிக்க வேண்டிய பணி என்று எதுவும் கிடையாது. வெற்றி என்ற சொல்லே இந்த விளையாட்டில் இல்லை. என்றாவது ஒருநாள் நீங்கள் இறப்பீர்கள். அதுவரை எப்படி வாழ்ந்தீர்கள் என்பதுதான் விளையாட்டு. முதன்முதலில் இதை அறிந்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. சிறு வயது முதல் குர்ஆன் மத்ரசாவில் கேட்டு வளர்ந்த உண்மையல்லவா அது!

இதை உருவாக்கியது 'தி இன்டி ஸ்டோன்' என்ற சிறிய குழு. 2011ஆம் ஆண்டில் அவர்களுடைய வீட்டுக்குள் புகுந்த திருடர்கள் இரண்டு மடிக்கணினிகளைக் கொண்டுபோக, எழுதி வைத்திருந்த வேலையில் ஒரு பகுதி இல்லாமல் போயிற்று. அவர்கள் கைவிடவில்லை. 2013இல் 'ஸ்டீம்' தளத்தில் விளையாட்டை வெளியிட்டார்கள். இன்றும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

சண்டைதான் இதில் பெரும்பகுதி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பலகையில் ஆணி அடித்தால் ஓர் ஆயுதம். மரக்கிளையைக் கத்தியால் சீவினால் ஓர் ஈட்டி. ஆனால் எல்லாமே அடிக்க அடிக்கத் தேய்ந்து உடைந்துவிடும். துப்பாக்கி சுட்டால் அந்தச் சத்தத்துக்கே ஊர் திரண்டு வரும். ஆகவே உயிர் காப்பது ஆயுதத்தைவிட அன்றாட வேலைதான். முதல் சில நாட்கள் தொலைக்காட்சியில் தச்சுவேலையும் சமையலும் கற்றுத்தருவார்கள். அதைப் பார்த்துப் பழக வேண்டும். பிறகு ஒளிபரப்பு நின்றுவிடும். மின்சாரமும் குழாய் நீரும் நின்றுவிடும். அதற்கு முன்பே சட்டி பானைகளில் தண்ணீர் பிடித்து வைத்திருக்க வேண்டும். மழைநீர் சேர்க்கப் பீப்பாய் செய்ய வேண்டும். படுக்கை விரிப்பைக் கிழித்துக் காயத்துக்குக் கட்டு போட வேண்டும். மரக்கறித் தோட்டம் போட வேண்டும்.

இவற்றில் என் உம்மும்மாவுக்குத் தெரியாதது தச்சுவேலை ஒன்றுதான். 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல், எரிவாயுவும் கிடைக்காமல் நாங்கள் தவித்தபோது, வீட்டை நடத்தியவர் அவர்தான். குடங்கள் எப்போதும் நிரம்பியிருந்தன. கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். வீரம் என்பதைப் படங்களில் வாளோடும் துப்பாக்கியோடும் காட்டுகிறார்கள். நான் கண்ட வீரத்தின் கையில் அகப்பைதான் இருந்தது.

இந்த விளையாட்டில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை இரண்டு விடயங்கள். ஒன்று பயம். ஆரம்பத்தில் ஒரேயொரு ஸொம்பியைக் கண்டாலே நம் பாத்திரம் பதறும். பதறினால் அடி சரியாக விழாது. நாட்கள் செல்லச் செல்ல அந்தப் பதற்றம் தானாகவே குறைந்துவிடும். உயிர் பிழைக்க அது உதவும்தான். ஆனால் எனக்குள்ளும் அதுவே நடந்ததைக் கவனித்தேன். திரையில் வருபவர்கள் தாதியின் சீருடையிலும், தீயணைப்பு வீரரின் உடையிலும், வீட்டு உடையிலும் வருவார்கள். முதல் வாரத்தில் அந்த உடைகளைப் பார்த்தேன். மூன்றாம் வாரத்தில் எண்ணிக்கை மட்டுமே கண்ணில் பட்டது.

இரண்டாவது விடயம் அதைவிடக் கனமானது. ஸொம்பியிடம் கடிபட்டால் அதன் பின் தப்ப வழியில்லை. என் பாத்திரமும் கடிபட்டு இறந்தது. அதே உலகில் புதிய பாத்திரத்தை உருவாக்கித் தொடர்ந்தேன். பழைய வீட்டுக்குப் போனால், அங்கே நீலச் சட்டையோடும் முதுகுப் பையோடும் ஒருத்தி தள்ளாடியபடி வந்தாள். நான் பெயர் சூட்டி, உணவு தேடிக் கொடுத்து, இரண்டு வாரம் காப்பாற்றிய அதே பெண். இத்தனை நாளும் எதிரே வந்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஸொம்பியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. இந்த நம்பிக்கை ஹெயிட்டியிலிருந்து வந்தது. அங்கே பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க மக்கள் அடிமைகளாக மாண்டுகொண்டிருந்தார்கள். இறந்த பின்னும் விடுதலை கிடைக்காமல், சுயநினைவின்றி இன்னொருவனுக்காக உழைக்க வேண்டி வருமோ என்ற அச்சமே ஸொம்பியாக உருவெடுத்தது. அங்கே ஸொம்பி பாதிக்கப்பட்டவன், பகைவன் அல்லன். மனிதரைத் தின்னும் கூட்டமாக நாம் இன்று காணும் வடிவத்துக்கு வழிவகுத்தது, ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த திரைப்படம். சுவையான செய்தி என்னவென்றால், அந்தப் படத்தில் ஸொம்பி என்ற சொல் வருவதில்லை. அவற்றைக் 'கூல்' என்றே அழைக்கிறார்கள். அது அரபு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல்!

ஒரு மனிதக் கூட்டத்தைப் பார்த்து "இவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர்" என்று சொல்லப் பழகுவது மிகச் சுலபம். முகத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதும். சிறுபான்மையாக வாழும் நமக்கு அது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்பது தெரியும். அந்தப் பழக்கம் நமக்குள்ளும் வரலாம் என்பதையும் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் மண்வெட்டியாலும் அடிக்கலாம். ஆனால் அதற்கு இன்னொரு பயன் உண்டு: குழி தோண்டலாம். உடல்கள் அப்படியே கிடந்தால் அருகில் வாழ்பவருக்கு நோய் வரும். ஆகவே ஒரு குழியில் ஐந்து உடல்கள் வரை அடக்கம் செய்ய இடம் வைத்திருக்கிறார்கள். பலர் சிரமம் பாராமல் எரித்துவிடுவார்கள். எனக்கு அது முடியவில்லை. 2020இல் கொரோனாவில் இறந்தவர்களை நம் நாட்டில் எரித்தார்கள். நல்லடக்கம் செய்ய அனுமதி இருக்கவில்லை. அந்த மாதங்களில் உம்மும்மா தொழுகைப் பாயிலேயே நெடுநேரம் அமர்ந்திருப்பார். மறு ஆண்டு மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கிய செய்தி வந்தபோதுதான் அவர் முகம் தெளிந்தது. மையித்தை அடக்குவது பர்ளு கிபாயா என்று பாடத்தில் படித்து மனனம் செய்திருந்தேன். அதன் பொருளை அந்த முகத்தில்தான் படித்தேன்.

திரையில் தோண்டும் குழி கபுறு ஆகாது. அது வெறும் படம். அப்படியிருந்தும் நீலச் சட்டைக்காரியை முதலில் அடக்கினேன். பிறகு வேலியோரம் கிடந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தூக்கி வந்தேன். அதனால் புள்ளி எதுவும் கூடவில்லை. விறகு வெட்ட வேண்டிய ஒரு பகல் முழுவதும் அதிலேயே போயிற்று. அன்றிரவு என் பாத்திரம் பசியோடுதான் படுத்தது. ஆனால் தூக்கி வந்த ஒவ்வொருவரும் என்ன உடை அணிந்திருந்தார் என்பது எனக்கு இப்போதும் தெரியும்.